வீட்டு உட்சுவர்ப் பூச்சு: வேலூர்ப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர், காட்பாடி, ஆற்காடு, ராணிப்பேட்டை, குடியாத்தம் பக்கம் புதிதாக வீடு கட்டுகிறவர்களும் பழைய வீட்டைப் பழுது பார்க்கிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிற சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். கேள்விகள் கேட்டவர்கள் பேசிய மாதிரியே இருக்கின்றன. முதலில் அடிப்படை, போகப் போகச் சிக்கலானவை. அவசரமாக இருந்தாலும் 7, 8, 11 மூன்றையும் படித்துவிட்டு வேலையில் இறங்குங்கள். பூச்சில் தெரிகிற கோளாறுக்குக் காரணம் பெரும்பாலும் பூச்சில் இருப்பதில்லை. அதற்குப் பின்னால் தண்ணீர் இருக்கும், அல்லது அசைவு இருக்கும்.

1. உள் சுவருக்கு என்ன கலவைங்க? கொத்தனாரு ஒண்ணுக்கு ஆறுன்றாரு, இன்ஜினியர் ஒண்ணுக்கு நாலுன்றாரு.

செங்கல் உட்சுவருக்கு 1 பங்கு சிமெண்ட், 5 பங்கு மணல் தாராளம். மணல் நன்றாக இருந்தால் 1:6-ம் நிற்கும். வெளிச்சுவருக்கும் பாத்ரூமுக்கும் 1:4. கான்கிரீட் தளத்தின் அடிப்பக்கத்துக்கு, அதாவது சீலிங்குக்கு, 1:3 அல்லது 1:4, அதுவும் 6 மில்லிமீட்டருக்கு மேல் போகாமல். உட்சுவரில் மட்டமாக இருக்கும் பக்கத்துக்கு 12 மி.மீ., கரடான பக்கத்துக்கு 15 மி.மீ. சிமெண்ட் கூடினால் பூச்சு கெட்டியாகும் என்று நினைத்து 1:3 போட்டால், காயும்போது அதிகமாகச் சுருங்கி மயிரிழை விரிசல் விடும். உட்சுவருக்கு அது வேண்டாத செலவு.

1 மூட்டை சிமெண்ட் (50 கிலோ) ஏறத்தாழ 35 லிட்டர் கொள்ளும். 40 × 35 × 25 செ.மீ. அளவில் ஒரு பெட்டி செய்துகொண்டால் 1 மூட்டைக்கு 5 பெட்டி மணல், கணக்கு முடிந்தது. பாண்டு (இரும்புச் சட்டி) கணக்கில் அளந்தால் ஒரு சித்தாள் தலைதட்டிப் போடுவார், இன்னொருவர் குவித்துப் போடுவார். மத்தியானக் கலவையும் காலைக் கலவையும் ஒன்றாக இருக்காது. 100 சதுர அடிச் சுவருக்கு 12 மி.மீ. கனத்தில் 1:5 கலவை பூச, செங்கல் இணைப்புகளை நிரப்புவதையும் சேர்த்து, சிமெண்ட் 40 கிலோ சொச்சமும் மணல் 5 கன அடிக்குக் கொஞ்சம் மேலும் ஆகும். மணல் ஈரமாக இருந்தால் உப்பி அளவில் கூடுதலாகத் தெரியும். அப்போது ஒரு பெட்டிக்குக் கால் பெட்டி வரை கூட்டிப் போட வேண்டியிருக்கும்.

2. பாலாத்து மணல் கெடைக்கல. எம்-சாண்ட்ல பூசலாமா? கிரஷர் தூள் கொறஞ்ச விலைக்குத் தர்றாங்களே?

கான்கிரீட்டுக்கு எம்-சாண்ட், பூச்சுக்கு பி-சாண்ட். இரண்டும் கல்லை உடைத்து எடுப்பதுதான். பி-சாண்டைப் பூச்சுக்கென்றே நைசாகச் சலித்து, தூளைக் கழுவி எடுத்திருப்பார்கள். எம்-சாண்டில் பூசினால் கற்கள் கரணையோடு இழுபட்டுக் கோடு விழும். கிரஷர் தூள் கூடவே கூடாது. அதில் மாவு அதிகம், மாவு தண்ணீரை அதிகம் குடிக்கும், குடித்த தண்ணீர் போனதும் பூச்சு சுருங்கி வலைவலையாக வெடிக்கும்.

லோடு இறக்குவதற்கு முன்பே ஒரு சோதனை செய்யலாம். கண்ணாடி பாட்டிலில் பாதிக்கு மணல், முக்கால் அளவுக்கு உப்பு கரைத்த தண்ணீர். நன்றாகக் குலுக்கி 3 மணி நேரம் அசையாமல் வையுங்கள். மணலுக்கு மேல் தனிப் படலமாக வண்டல் படியும். மணல் உயரத்தில் அது 8 சதவீதத்தைத் தாண்டினால் அந்த லோடைத் திருப்பி அனுப்பலாம். ஆற்று மணல் கிடைத்தாலும் இந்தச் சோதனை தேவை. சவுடு கலந்த மணல் நிறைய வருகிறது.

3. எங்க போர் தண்ணி உப்பு. அதுல பூசலாமா?

வாயில் வைத்தால் கரிக்கிற தண்ணீரில் கலவை போடாதீர்கள். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கத்தில் தோல் தொழிற்சாலைக் கழிவால் நிலத்தடி நீர் கெட்ட விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போய் 1996-ல் தீர்ப்பானது. அந்தப் பகுதிகளில் போர் தண்ணீரைப் பரிசோதிக்காமல் வேலைக்கு எடுப்பது நல்லதல்ல. இரும்புக் கம்பி இருக்கும் கான்கிரீட்டுக்குக் குளோரைடு லிட்டருக்கு 500 மி.கிராம் என்பது இந்தியத் தரநிலை வைத்த எல்லை. கம்பி இல்லாத கான்கிரீட்டுக்கு 2000. பூச்சில் கம்பி இல்லையே என்று விட்டுவிட முடியாது. தண்ணீரோடு போன உப்பு சுவருக்குள்ளேயே தங்கி, ஒவ்வொரு மழைக்கும் வெளியே பூக்கும்.

கலவைக்கு மட்டும் நல்ல தண்ணீர் வாங்கி, நனைக்க உப்புத் தண்ணீரைப் பயன்படுத்துகிறவர்கள் அதிகம். 7 நாள் நனைத்தால் 7 நாள் உப்பு ஏற்றியதாக ஆகிறது. இரண்டுக்கும் ஒரே நல்ல தண்ணீர்தான் வேண்டும்.

4. எத்தனை நாள் தண்ணி விடணும்? வெயில் காலத்துல என்ன பண்றது?

குறைந்தது 7 நாள். இப்போது கடையில் கிடைப்பது பெரும்பாலும் சாம்பல் கலந்த பி.பி.சி. சிமெண்ட். அது மெதுவாகத்தான் இறுகும், 10 நாள் விடுங்கள். மறுநாள் காலையிலிருந்து தொடங்கலாம். குழாயைப் பீய்ச்சி அடிக்காமல் தூவலாக விட வேண்டும்.

சித்திரை, வைகாசியில் வேலூரில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். பாறை மலையின் சூடும் சேர்ந்துகொள்ளும். அனல் காற்று ஜன்னல் வழியாக வீசினால் பூச்சின் மேல்தோல் ஒரு மணி நேரத்தில் வெளுத்துவிடும். சிமெண்ட் இறுகத் தேவையான தண்ணீர் அதற்குள் போய்விடுவதால், மேலே தூள் தட்டும். அந்த மாதங்களில் ஜன்னல், வாசல் திறப்புகளில் நனைத்த சாக்கு கட்டுங்கள், ஒரு நாளைக்கு 4 முறையாவது நனையுங்கள், மதியம் 12 முதல் 3 வரை பூசாதீர்கள். பூசுவதற்கு முன்தினமே சுவரை நன்றாக நனைத்துவிட்டு, பூசும் நேரத்தில் ஈரம் இருக்க வேண்டும், தண்ணீர் வழியக் கூடாது. காய்ந்த செங்கல் கலவையிலிருக்கும் தண்ணீரை உறிஞ்சிவிடும். கலவையையும் அரை மணி நேரத்தில் தீருமளவுக்கே போட வேண்டும். இறுகத் தொடங்கிய கலவையில் மறுபடி தண்ணீர் ஊற்றிக் கிண்டினால் அது பிடிக்காது.

5. பூசி ரெண்டு மாசம்கூட ஆகல, செவுரெல்லாம் சிலந்திக் கூடு மாதிரி மெல்லிசா கோடு. பயப்படணுமா?

வேண்டாம். நகம் நுழையாத அளவுக்கு மெல்லிய வலைக்கோடு, பூச்சின் மேல்தோல் சுருங்கியதால் வருவது. சிமெண்ட் அதிகம், மாவு மணல், நனைத்தது போதவில்லை என்ற மூன்றில் ஒன்று காரணமாக இருக்கும். நான்காவதாக ஒன்று உண்டு: சுவர் வழவழவென்று வர வேண்டுமென்று, மணியாசுக்கட்டை (பூச்சை மட்டமாகத் தேய்க்கும் மரப்பலகை) தேய்த்த பிறகு சிமெண்ட் பாலை மேலே பூசி இழுப்பது. அந்தப் பால் படலம் தனியாகச் சுருங்கி வெடிக்கும். பட்டி வைக்கப்போகும் சுவருக்குச் சிமெண்ட் பால் தேவையே இல்லை.

தட்டிப் பாருங்கள். சத்தம் கெட்டியாக இருந்தால் பிரைமர், பட்டி, பெயிண்ட் போதும். டொப்பென்று கேட்டால் 8-ஐப் பாருங்கள்.

6. பில்லரும் செங்கல்லும் சேர்ற எடத்துல நேர்க்கோடா வெடிப்பு. ரெண்டு தடவை பட்டி வச்சும் திரும்ப வருது.

பட்டியால் இது தீராது. கான்கிரீட்டும் செங்கலும் வெயிலுக்கும் ஈரத்துக்கும் வேறு வேறு அளவில் விரிந்து சுருங்கும். அந்த அசைவு சேரும் கோட்டில்தான் வெடிக்கிறது. புது வேலையென்றால் பூசும் முன்பே கால்வனைஸ்டு சிக்கன் மெஷ்ஷை (துத்தநாகம் பூசிய கோழிவலையை) இணைப்புக்கு இரு பக்கமும் 6 அங்குலம் வருமாறு, மொத்தம் 1 அடி அகலத்தில் அடிக்க வேண்டும். மெஷ் சுவரோடு ஒட்டிப் படுத்திருக்காமல் சில மில்லிமீட்டர் எழும்பி, கலவை அதன் பின்னாலும் போக வேண்டும். வழவழப்பான பில்லர் முகத்தையும் உத்தரத்தின் முகத்தையும் கொத்திவிட்டு, தூசியைத் தட்டி, பிறகு பூசுங்கள்.

ஏற்கெனவே வெடித்த சுவரென்றால் இணைப்பின் இருபக்கமும் 6 அங்குலப் பூச்சைக் கட்டர் மெஷினால் நேராக அறுத்து எடுத்து, மெஷ் அடித்து, 9-ல் சொல்லும் முறைப்படி பூசுங்கள். அவ்வளவு செய்ய முடியாத நிலையில், கோட்டை 6 மி.மீ. அகலத்துக்கும் ஆழத்துக்கும் ‘வி’ வடிவில் கீறி, நெகிழும் அக்ரிலிக் கிராக் ஃபில்லர் நிரப்பி, மேலே ஃபைபர் மெஷ் டேப் ஒட்டிப் பட்டி வைக்கலாம். சில வருடம் தாங்கும்.

7. எந்த விரிசல் ஆபத்து, எது சும்மா? எப்படிக் கண்டுபிடிக்கிறது?

அகலம், திசை, வளர்ச்சி ஆகிய மூன்றையும் பாருங்கள். 1 மி.மீ.க்குக் குறைந்த, எங்கும் போகாமல் நிற்கும் கோடு பூச்சோடு முடிந்தது. ஜன்னல், கதவு மூலையிலிருந்து சாய்வாக ஏறும் விரிசல் 1 முதல் 3 மி.மீ. இருந்தால் கவனிக்க வேண்டியது. லிண்டல் (திறப்புக்கு மேலே போடும் கான்கிரீட் பட்டை) இரு பக்கமும் போதிய அளவு சுவரில் உட்காராததும் காரணமாக இருக்கலாம். 3 மி.மீ.க்கு மேல் இருந்தாலோ, செங்கல் இணைப்புகளோடு படிப்படியாக ஏறினாலோ, அதே விரிசல் சுவரின் மறுபக்கத்திலும் தெரிந்தாலோ, அந்த அறைக் கதவு புதிதாகச் சிக்கத் தொடங்கினாலோ அது அஸ்திவாரச் சங்கதி. பூச்சு வேலைக்கு ஆள் கூப்பிடும் முன் கட்டட இன்ஜினியரைக் கூப்பிடுங்கள். ஏரிப் பக்கம், நஞ்சை நிலத்தைத் தூர்த்து மனை போட்ட இடம், களிமண் பூமி ஆகியவற்றில் இது அதிகம் நடக்கும். களிமண் மழையில் உப்பி வெயிலில் சுருங்கும், மேலே நிற்கும் சுவர் கூடவே போகும்.

வளர்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் குறுக்குக்கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். நடுவில், விரிசலுக்குக் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை இரு நுனியிலும் சிமெண்ட் வைத்து ஒட்டுங்கள். அசைவு இருந்தால் கண்ணாடி உடையும், அல்லது ஒட்டு விடும். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் தாண்டிக் கண்ணாடி அப்படியே இருந்து, விரிசல் பென்சில் கோட்டைத் தாண்டாமலும் இருந்தால் தைரியமாக மூடலாம். அசைந்துகொண்டிருக்கும் விரிசலைச் சிமெண்டால் அடைத்தால் பக்கத்தில் புதிதாக ஒன்று திறக்கும்.

8. தட்டினா டொப்பு டொப்புன்னு கேக்குது. ஆனா விழல. விட்டுடலாமா?

பூச்சு சுவரை விட்டு உப்பி நிற்கிறது. ஒரு மரக்கட்டையாலோ நாணயத்தாலோ அரை அடிக்கு ஒரு தட்டாகச் சுவர் முழுக்கத் தட்டி, சத்தம் மாறும் எல்லையைச் சாக்பீஸால் வரையுங்கள். உள்ளங்கை அகலம், விரிசல் இல்லை, ஈரம் இல்லை என்றால் அப்படியே விடலாம். ஆணி மட்டும் அங்கே அடிக்காதீர்கள். அதைவிடப் பெரிதாகவோ கையால் அழுத்தினால் அசைவதாகவோ இருந்தால் எடுத்துவிடுவதே நல்லது.

சீலிங்கில் உப்பியிருந்தால் அளவைப் பார்க்காமல் எடுத்துவிடுங்கள். கட்டிலுக்கும் தொட்டிலுக்கும் மேலே இருப்பதை இன்றைக்கே. எடுத்த இடத்தில் கம்பி துரு பிடித்துக் கான்கிரீட்டைப் பிளந்திருந்தால் பூசி மூடக் கூடாது. அது தளத்தின் பழுது, இன்ஜினியர் பார்த்துத் துருவை நீக்கிச் சரிசெய்ய வேண்டியது.

9. ஒரு ரெண்டடிக்கு ரெண்டடி மட்டும் பேட்ச் பூசணும். எப்படிப் பூசினா ஓரம் பிரியாம நிக்கும்?

ஓரம்தான் எல்லாம். 8-ல் வரைந்த கோட்டிலிருந்து 2 அங்குலம் வெளியே, கெட்டியான பூச்சுக்குள் போய், கட்டர் மெஷினால் சதுரமாக அறுங்கள். உளியால் சும்மா உடைத்தால் அடித்த அதிர்ச்சியில் பக்கத்துப் பூச்சும் விடும். அறுத்த ஓரம் உள்பக்கமாகச் சற்றுக் குடைந்து இருந்தால் புதுப்பூச்சு அதில் கவ்விக்கொள்ளும். மெலிந்து முடியும் ஓரம் கட்டாயம் பெயரும்.

செங்கல் தெரியும்வரை எடுத்து, இணைப்புகளை 10 மி.மீ. ஆழம் சுரண்டி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, தூசியைத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். முதல்நாள் நனையுங்கள். பூசும் நேரத்தில் எஸ்.பி.ஆர். லேடெக்ஸ் பாண்டிங் திரவத்தைச் சிமெண்டோடு டப்பாவில் போட்டிருக்கும் அளவில் குழைத்து, ஓரங்களிலும் சேர்த்துப் பிரஷ்ஷால் தடவுங்கள். அது காய்வதற்குள், பிசுபிசுப்பாக இருக்கும்போதே, 1:4 கலவையைக் கரணையால் அடித்து வையுங்கள். ஆழம் 12 மி.மீ.க்கு மேல் இருந்தால் இரண்டு படலமாகப் பிரித்து, முதல் படலத்தில் கீறல் போட்டு ஒரு நாள் விட்டு இரண்டாவதை வையுங்கள். மட்டக்கோலைப் பழைய பூச்சின் மேல் இரு பக்கமும் வைத்து இழுத்து, மணியாசுக்கட்டையால் தேய்த்து முடியுங்கள்.

பேட்ச் சின்னதுதானே என்று நனைக்காமல் விடுகிறார்கள். சின்ன பேட்ச்தான் சீக்கிரம் காயும். 7 நாள் அதற்கும் உண்டு. ஈரச் சாக்கை மேலே தொங்கவிட்டால் வேலை சுலபம்.

10. ஆணி அடிச்சா மணலா கொட்டுது. காலண்டர்கூட மாட்ட முடியல.

சிமெண்ட் குறைவு, பழைய சிமெண்ட், நனைக்காதது, இறுகிய கலவையைத் திருப்பிக் கிண்டியது ஆகியவற்றில் ஏதோ ஒன்று நடந்திருக்கிறது (4-ஐப் பாருங்கள்). வீட்டுச் சாவியால் அழுத்திக் கீறுங்கள். மேல்தோல் மட்டும் உதிர்ந்து உள்ளே கெட்டியாக இருந்தால், தூசி நீக்கி ஊடுருவும் பிரைமர் இரண்டு கோட் அடித்துப் பட்டி வைக்கலாம். சாவி செங்கல் வரை இறங்கினால் அந்தப் பூச்சை எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசுவது ஒன்றே வழி. பட்டி மேல்தோலைத்தான் மூடும், உள்ளே இருப்பதை இறுக்காது.

நல்ல பூச்சிலும் கான்கிரீட் ஆணியைச் சுத்தியலால் அடிப்பதைவிட டிரில் போட்டுப் பிளக் வைத்து ஸ்குரூ முடுக்குவது நல்லது. பிளக் பூச்சோடு நிற்காமல் செங்கலுக்குள் குறைந்தது 1 அங்குலம் போக வேண்டும்.

11. தரையிலேருந்து ரெண்டடி ஒசரம் வரைக்கும் பெயிண்ட் உப்பி, வெள்ளையா உப்பு பூக்குது. வாட்டர் ப்ரூஃப் பெயிண்ட் அடிச்சா சரியாகுமா?

ஆகாது, மோசமாகும். உட்பக்கம் அடைபட்டால் ஓதம் இன்னும் மேலே ஏறி வேறு வழி தேடும். டைல்ஸ் ஒட்டினாலும் இதேதான், இரண்டடியில் இருந்த ஈரம் நாலடிக்குப் போகும். முதலில் தண்ணீர் எந்த வழியாக வருகிறதென்று கண்டுபிடிக்க வேண்டும்.

ஒரு அடிச் சதுரம் பிளாஸ்டிக் ஷீட்டை எடுத்து, நாலு பக்கமும் டேப் ஒட்டிச் சுவரில் 2 நாள் விடுங்கள். ஷீட்டின் சுவர்ப்பக்கம் வியர்த்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறைப்பக்கம் வியர்த்தால் அறைக் காற்றின் ஈரம் குளிர்ந்த சுவரில் படிகிறது, காற்றோட்டம்தான் தேவை. சுவருக்குள்ளிருந்து வருவதானால் அடுத்து வடிவத்தைப் பாருங்கள். சுவர் நெடுகத் தரையிலிருந்து ஒரே உயரத்தில் பட்டையாக இருந்தால் நிலத்து ஓதம். ஒரே இடத்தில் வட்டமாகப் பரவினால் பைப். பாத்ரூம் சுவரின் மறுபக்கம் மட்டும் என்றால் டைல்ஸ் இணைப்பு, அல்லது பாத்ரூம் பள்ளத் தளம். பைப்பா என்று பார்க்க, இரவு எல்லாக் குழாயையும் மூடி மேல்தொட்டியின் தண்ணீர் மட்டத்தைக் குறித்து வைத்துக் காலையில் பாருங்கள்.

வெள்ளையாகப் பூத்த உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள். கரைந்து மறுபடி உள்ளே போகும். உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி, கீழே பேப்பர் விரித்துச் சேர்த்து வெளியே கொட்டுங்கள்.

12. சரி, நிலத்து ஓதம்னே வச்சுக்கலாம். நிரந்தரமா தீர என்ன பண்ணணும்?

வெளியிலிருந்து தொடங்குங்கள். வீட்டுத் தரையைவிட வெளி நிலம் குறைந்தது 6 அங்குலம் தாழ்ந்திருக்க வேண்டும். இங்கே பல தெருக்களில் பழைய ரோட்டைச் சுரண்டாமல் மேல்மேலே போட்டு, ரோடு வீட்டுத் தரைக்குச் சமமாக வந்துவிட்டது. பிளிந்தில் (அஸ்திவாரத்துக்கு மேல், வீட்டுத் தரை வரை வரும் அடிச்சுவரில்) போட்ட ஓதத்தடுப்புப் படலம் மண்ணுக்குள் போய்விட்டால் அது இருந்தும் பயனில்லை. சுவரை ஒட்டிக் கொட்டிய மண், பூந்தொட்டி மேடை, சுவரோடு சேர்த்துப் போட்ட சிமெண்ட் தளம் எல்லாவற்றையும் விலக்கி, தண்ணீர் சுவரை விட்டு வெளியே ஓடும்படி சரிவு கொடுங்கள். மலையடிவாரத் தெருக்களில் வீட்டின் பின்சுவர் மண்ணைத் தாங்கி நிற்கும். அங்கே மழைக்காலத்தில் பக்கவாட்டில் ஊறி வரும் தண்ணீருக்குப் பின்புறம் கால்வாய் எடுக்காமல் உள்ளே எது செய்தாலும் நிற்காது.

வெளி வேலை முடிந்தும் ஓதம் தொடர்ந்தால், தரைக்குச் சற்று மேலே இருக்கும் கலவை இணைப்பில் 12 மி.மீ. துளைகளை 4 முதல் 5 அங்குல இடைவெளியில், சுவரின் மறுமுகத்துக்கு ஒன்றரை அங்குலம் முன்பு வரை போட்டு, சைலேன்-சைலாக்சேன் கிரீம் ஏற்றலாம். அது செங்கலுக்குள் பரவித் தண்ணீரை விலக்கும் படலமாகிறது. துளை வரிசை நடுவில் விட்டுப்போகக் கூடாது.

பிறகு உப்பேறிய பூச்சை, ஈரம் தெரியும் கோட்டுக்கு மேலே 1 அடி வரை சேர்த்து எடுத்துவிடுங்கள். அந்தப் பூச்சில் சேர்ந்திருக்கும் உப்பு காற்றின் ஈரத்தையே இழுத்துக்கொண்டிருக்கும். செங்கலைத் திறந்தபடி காய விடுங்கள். அவசரப்படாதீர்கள், மாதக்கணக்கில் ஆகும். வாரம் ஒருமுறை பூக்கும் உப்பைத் தட்டுங்கள். காய்ந்ததும் 1 சிமெண்ட், 1 சுண்ணாம்பு, 6 மணல் கலவையில் பூசி, பூச்சின் அடி தரையைத் தொடாமல் 1 அங்குலம் இடைவெளி விட்டு ஸ்கர்ட்டிங்கால் மறைத்துவிடுங்கள். மேலே சுவர் மூச்சு விடுகிற பெயிண்ட் அல்லது வெள்ளை அடியுங்கள்.

13. மேல்மாடி ரூம்ல சீலிங்கும் செவுரும் சேர்ற எடத்துல சுத்திவர கோடு. மழை பெஞ்சா ஈரமும் வருது.

இவை இரண்டு பிரச்சினை. கோடு வெயிலால் வருகிறது. மொட்டைமாடித் தளம் பகலில் விரிந்து இரவில் சுருங்கும், கீழே சுவர் அசையாது. இந்த இடத்தைச் சிமெண்டால் நிரப்புவது வீண். 10 மி.மீ. அகலத்தில் நேர்காடி எடுத்து, பாலியூரித்தேன் அல்லது நல்ல அக்ரிலிக் சீலன்ட் நிரப்புங்கள். மாடியில் தட்டோடு பதிப்பதோ வெள்ளைக் கூலிங் பூச்சு அடிப்பதோ அசைவைக் குறைக்கும்.

ஈரத்துக்கு, மாடியில் கைப்பிடிச்சுவரும் தளமும் சேரும் மூலையைப் பாருங்கள். அங்கே முக்கோணமாகக் கலவை வைத்துச் சரிவு கொடுத்திருக்க வேண்டும். அது வெடித்திருந்தால் கீழே கசியும். மழைநீர்ப் பைப் வாயைச் சுற்றியும் பாருங்கள். இலை அடைத்துத் தண்ணீர் தேங்குகிற மாடியில் எந்தக் கெமிக்கலும் அதிக நாள் நிற்காது.

14. தாத்தா கட்டின சுண்ணாம்பு வீடு. பூச்சு பொரிஞ்சு விழுது. சிமெண்ட்ல பூசிட்டா கெட்டியா இருக்கும்ல?

தயவுசெய்து வேண்டாம். வாலாஜாபேட்டை, ஆற்காடு, குடியாத்தம் பழைய தெருக்களில் இந்தத் தவறால் நல்ல சுவர்கள் கெட்டிருக்கின்றன. சுண்ணாம்புக் கலவையில் கட்டிய சுவர் ஈரத்தை இழுக்கும், பூச்சின் வழியாகவே வெளியே விட்டுவிடும். மேலே சிமெண்ட் போட்டதும் அந்த வழி அடைபடுகிறது. ஈரம் உள்ளே தங்கிச் செங்கலையும் சுண்ணாம்பையும் கரைக்கும். சில வருடத்தில் சிமெண்ட் பூச்சு பலகையாகப் பெயரும், கூடவே செங்கலின் முகத்தையும் பிய்த்துக்கொண்டு வரும்.

1 பங்கு நன்றாக நீற்றிய சுண்ணாம்பு, 3 பங்கு மணல். சுண்ணாம்பைத் தண்ணீரில் மூழ்கியபடி குறைந்தது 2 வாரமாவது ஊற வைத்துச் சலித்து எடுங்கள். நீறாத கட்டி ஒன்று இருந்தாலும் பிற்பாடு ஈரம் பட்டு உப்பி, காசு அளவுக்குக் குழியாகத் தெறிக்கும். கடுக்காயும் வெல்லமும் ஊற வைத்த தண்ணீரைக் கலவையில் சேர்ப்பது இந்தப் பக்கத்துப் பழைய வழக்கம். அந்தப் பக்குவம் தெரிந்த கொத்தனார் இருந்தால் அவர் அளவையே பின்பற்றுங்கள். ஒரு கோட் 10 மி.மீ.க்கு மேல் வேண்டாம். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை எடுத்துத்தான் இறுகும், அதனால் ஒரு வாரத்துக்கு லேசான ஈரத்தில் வைத்து, அடுத்த கோட்டுக்குப் பொறுத்திருங்கள். மேலே பிளாஸ்டிக் எமல்ஷன் கூடாது, சுண்ணாம்பு வெள்ளைதான்.

15. பட்டி செதில் செதிலா உரியுது. கம்பெனி சரியில்லையா?

பெரும்பாலும் அடித்தளம் சரியில்லை. பழைய சுண்ணாம்பு வெள்ளை அல்லது டிஸ்டெம்பர் மேல் அப்படியே வைத்திருப்பார்கள். சுவரில் டேப்பை அழுத்தி ஒட்டிப் பிடுங்குங்கள், வெள்ளைத் தூள் ஒட்டி வந்தால் அதைச் சுரண்டி எடுக்காமல் பட்டி நிற்காது. புதுப்பூச்சென்றால் 28 நாள் காயட்டும். வெள்ளைச் சிமெண்ட் பட்டி இரண்டு கோட் சேர்ந்து 1.5 மி.மீ.தான். கோணலான சுவரைப் பட்டியால் மட்டப்படுத்த 5 மி.மீ. ஏற்றினால் அதன் கனமே அதை உரிக்கும். மட்டத்தைப் பூச்சிலேயே கொண்டுவர வேண்டும். ஈரம் காரணமாக உரிகிறதென்றால் 11-க்குப் போங்கள்.

16. பூசின செவுத்துல கரண்ட் பைப் போட காடி எடுக்கலாமா?

எடுக்கலாம். நேர்க்குத்தாக எடுத்தால் சுவர்க் கனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம், படுக்கையாக எடுத்தால் ஆறில் ஒரு பங்கு. 9 அங்குலச் சுவரில் அது 3 அங்குலமும் ஒன்றரை அங்குலமும். நாலரை அங்குலச் சுவரில் படுக்கைக் காடி வேண்டவே வேண்டாம். மெஷினால் இரு கோடு அறுத்த பிறகே உளி. பைப்புக்கு மேல் 12 மி.மீ. கலவை வர வேண்டும், அதன்மேல் 6 அங்குல அகலத்துக்கு மெஷ். மெஷ் வைக்காத காடி, பைப் போகும் வழி முழுக்க வெடித்துக் காட்டும்.

17. ஃப்ளை ஆஷ் கல்லு, ஏ.ஏ.சி. பிளாக் செவுருக்கும் இதே முறைதானா?

ஃப்ளை ஆஷ் கல்லுக்கு ஏறத்தாழ இதேதான். முகம் வழவழப்பாக இருப்பதால் இணைப்பைச் சுரண்டுவதில் கவனம் வேண்டும். ஏ.ஏ.சி. பிளாக்கை (காற்றுத்துளை நிறைந்த லேசான கான்கிரீட் கல்) முன்தினம் ஊற வைக்கக் கூடாது. தண்ணீரை நிறையக் குடித்துவிட்டுக் காயும்போது சுருங்கும். பூசும் முன் லேசாகத் தெளித்தால் போதும். கலவை பிளாக்கைவிடக் கெட்டியாக இருக்கக் கூடாது, 1:6, அல்லது அதற்கென்றே வரும் ரெடிமிக்ஸ் பூச்சு. ஜிப்சம் பூச்சும் அறைகளுக்கு நல்லது, நனைக்க வேண்டியதில்லை. பாத்ரூம், சமையலறைச் சிங்க் பக்கம், ஓதச் சுவர் ஆகிய மூன்றிலும் ஜிப்சம் கூடாது.

18. பாலாறு வெள்ளம் வீட்டுக்குள்ள வந்தா, வடிஞ்சப்புறம் செவுத்த எப்போ பூசலாம்?

2021 நவம்பர் வெள்ளத்துக்குப் பிறகு இந்தக் கேள்வி நின்றபாடில்லை. முதலில் மின்சாரத்தை எலக்ட்ரீஷியன் பார்க்காமல் போடாதீர்கள். சேற்றை ஈரமாக இருக்கும்போதே கழுவி, நீர் நின்ற மட்டம் வரை பெயிண்டையும் பட்டியையும் சுரண்டிவிடுங்கள். அவை உறையாக மூடியிருந்தால் சுவர் காயாது. உப்பிய பூச்சை எடுங்கள், கெட்டியானதை விட்டுவைக்கலாம். பீரோவையும் அலமாரியையும் சுவரை விட்டு அரை அடி தள்ளி வையுங்கள். 9 அங்குலச் சுவர் உள்வரை காய மாதக்கணக்கில் ஆகும். 11-ல் சொன்ன ஷீட்டை மாதம் ஒருமுறை ஒட்டிப் பார்த்து, வியர்ப்பது நின்றபிறகே பட்டி. கரும்பூசணம் பிடித்த இடத்தைப் பிளீச்சிங் பவுடர் கரைசலால், ஜன்னல் திறந்து, கையுறையோடு துடைக்கலாம். ஆசிட்டோடு அதைச் சேர்க்கவே கூடாது, விஷவாயு வரும்.

19. எந்த மாசத்துல ரிப்பேர் வச்சுக்கிட்டா நல்லது?

ஓத வேலைக்குப் பொங்கல் கழிந்து தொடங்குங்கள். தை, மாசியில் பூச்சை எடுத்துவிட்டால் பங்குனி, சித்திரை வெயில் சுவரைக் காய வைத்துத் தரும். பூசுவதை ஆனியில் வைத்துக்கொள்ளலாம், அனல் குறைந்திருக்கும். விரிசல் அடைக்கும் வேலையும் வெயில் காலத்தில்தான் வேண்டும், அப்போதுதான் களிமண் சுருங்கி விரிசல் முழு அகலத்துக்குத் திறந்திருக்கும். மாடி மூலை, மழைநீர்ப் பைப் வேலைகளை ஆடிக்குள் முடியுங்கள். வேலூருக்கு ஆவணி, புரட்டாசியிலேயே சாயங்கால இடிமழை வந்துவிடும், ஐப்பசி வரை காத்திருக்காது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பெயிண்டும் பட்டியும் தொடாதீர்கள். அந்த மாதங்களில் சுவரில் எங்கெங்கே ஈரம் தெரிகிறதோ அங்கெல்லாம் பென்சிலால் கோடு போட்டு, போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தை மாதம் வரும் கொத்தனாரிடம் காட்ட அது வேண்டும்.